நிலா வெறும் வெள்ளை வட்டமாகவே படமாகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பௌர்ணமியன்று மொட்டை மாடிக்குப் போய், கேமராவை ஆட்டோ முறையில் வைத்து நிலாவை எடுத்தால் பெரும்பாலும் ஒரு வெள்ளை வட்டம்தான் கிடைக்கும். அதில் முயலும் தெரியாது, பள்ளமும் தெரியாது. படச்சட்டத்தில் முக்கால்வாசிக்கு மேல் கறுப்பு வானம் இருப்பதால், இருட்டைப் படமெடுப்பதாக நினைத்துக்கொண்டு கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. ‘இரவுதானே’ என்று நாமும் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான சென்சாரின் உணர்திறனை, 3200-க்குக் கொண்டுபோகிறோம். மற்ற தவறுகளையெல்லாம்விடப் பெரியது இதுதான். இரவு நமக்குத்தான். நமக்குத் தெரியும் நிலாப் பரப்பில் அப்போது பட்டப்பகல். நேரடி வெயில் அடிக்கிறது. வெயிலில் கிடக்கும் பாறையை எப்படி எடுப்போமோ அப்படித்தான் அதையும் எடுக்க வேண்டும்.

படக்காரர்களிடம் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: முழுநிலவுக்கு எஃப்/11 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ 100, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/100 நொடி. லென்ஸ் கூர்மையாக இருக்கும் எஃப்/8-க்கு வந்தால் 1/200. மேனுவல் முறையில் இதை வைத்து ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். அரைநிலா நாளில் நிலாவின் பரப்பே மங்கல் என்பதால் ஐஎஸ்ஓ 400 வரை போகலாம். சந்தேகம் வந்தால் இருட்டாகவே எடுங்கள். கேமரா சுருக்காமல் சேமிக்கும் ‘ரா’ (RAW) கோப்பாக எடுத்த இருண்ட படத்தைப் பிறகு வெளிச்சமாக்கிவிடலாம். வெளுத்துப்போன இடத்தை யாராலும் மீட்க முடியாது.

அடுத்து, ஃபோகஸ். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறி (∞) வரை வளையத்தைத் திருகிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பல லென்ஸ்கள் அந்தக் குறியையும் தாண்டித் திரும்பும். லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில், 10 மடங்கு பெரிதாக்கி, நிலாவின் விளிம்பையோ ஒரு பள்ளத்தின் ஓரத்தையோ பார்த்துக் கையால் திருப்புங்கள். டைக்கோ பள்ளம் இதற்கு நல்ல அடையாளம்: நிலாவின் தென்பகுதியில், வெள்ளைக் கோடுகள் நாலாபக்கமும் சிதறும் இடம்.

ட்ரைபாட் இருந்தும் படம் ஆடுகிறதென்றால், ஆட்டுவது பெரும்பாலும் நம் விரல்தான். 2 நொடி டைமர் போடுங்கள். ஷட்டரை ரொம்பவும் மெதுவாக்காதீர்கள். பூமி சுழல்வதால் நிலா தன் அகலத்தை ஏறத்தாழ 2 நிமிடத்தில் கடந்துவிடும். 600 மி.மீ. லென்ஸில் அரை நொடியே இழுபட்ட படத்தைத் தந்துவிடும்.

பௌர்ணமிக்காகக் காத்திருப்பதும் என் பார்வையில் தவறுதான். அன்று வெயில் நேரெதிரே விழுவதால் நிழல் இல்லை. மலையும் பள்ளமும் தட்டையாகிவிடும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி எடுத்துப் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டோரம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நீள நிழல் விழும். கூர்மை என்று நாம் தேடுவதில் பாதி அந்த நிழல்தான். நிலா உச்சிக்கு அருகே இருக்கும்போது எடுப்பதும் முக்கியம். அடிவானத்தில் இருந்தால் காற்று மண்டலத்தின் தடித்த அடுக்கு வழியாக எடுக்கிறோம். வெயிலில் காய்ந்த தளத்திலிருந்து எழும் சூடும் விளிம்பை அலைபாய வைக்கும்.

சாதாரண 50 மி.மீ. லென்ஸில் நிலாவின் பிம்பம் சென்சாரில் அரை மி.மீ.கூட வராது, குறைந்தது 300 மி.மீ. லென்ஸ் வேண்டும். போனில் எடுப்பவர்கள் நிலாவைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) கீழே இழுங்கள். டிஜிட்டல் ஜூமைத் தொடாதீர்கள்.

இவ்வளவும் தலைகீழாவது முழு சந்திர கிரகணத்தில் மட்டும்தான். 2025 செப்டம்பர் 7 இரவு நம் ஊரிலும் தெரிந்த கிரகணத்தில் நிலா 82 நிமிடம் முழுமையாகப் பூமியின் நிழலுக்குள் இருந்தது. அப்படிச் சிவந்து மங்கும்போது ஐஎஸ்ஓ 1600, ஒரு நொடி என்றெல்லாம் போகத்தான் வேண்டும். நிழல் விலகத் தொடங்கியதும் ஷட்டரை உடனே வேகமாக்கிவிடுங்கள்.