செர்வினியாவில் பனிச்சறுக்கு, இரவுக்குப் பீட்சா: 2,050 மீட்டர் உயரத்தில் மாவு பிசையும் முறை

இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில், மாட்டர்ஹார்ன் மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது செர்வினியா. நண்பர்கள் நாலு பேர் சமையலறையோடு வீடு எடுத்துத் தங்கிப் பனிச்சறுக்குப் போனால், ஓர் இரவாவது பீட்சா சுட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சறுக்கிவிட்டு மாலை ஐந்து மணிக்குத் திரும்பி, பசியோடு மாவு பிசைய ஆரம்பிப்பார்கள். அவசரத்தில் ஒரு பொட்டலம் ஈஸ்டையும் கொட்டுவார்கள். மாவு சட்டென்று பொங்கி, ஓவனில் அமுங்கி, ஈஸ்ட் வாடையோடு வெளியே வரும். மாவு வேலையை முந்தின நாள் மாலையே முடித்துவிடுங்கள். ஈஸ்டைக் குறைவாகப் போடுங்கள்.

காரணம் உயரம்தான். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அமுக்கிப் பிடிக்கும் காற்று குறைவதால், ஈஸ்ட் விடும் வாயு அதிகமாக விரிந்து மாவைச் சீக்கிரம் தூக்கிவிடும். சுவை ஊறுவதற்குள் மாவு பொங்கி முடிந்துவிடும். தண்ணீரும் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்து வேகமாக ஆவியாகும். ஹீட்டர் போட்ட அறையின் வறண்ட காற்றில் மாவின் மேல்தோல் கால் மணி நேரத்திலேயே காயத் தொடங்கும்.

வாங்க வேண்டியவை

மேலே கடைகள் சிறியவை. காரில் போகிறவர்கள் மலையேறும் முன் ஷாத்தியோன் ஊரிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

- 00 ரக கோதுமை மாவு 1 கிலோ. நம்மூர் மைதா மாதிரி நைசாக இருக்கும். பொட்டலத்தின் பின்புறம் 100 கிராமுக்குப் புரதம் 12 கிராமோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பாருங்கள். 9, 10 என்றிருந்தால் அது கேக்குக்கு ஏற்ற மாவு. ஒரு நாள் ஊறலைத் தாங்காமல் கிழியும்.
- உலர் ஈஸ்ட் 7 கிராம் பொட்டலம் ஒன்று
- தக்காளி டின், 400 கிராம்
- 125 கிராம் மொசரெல்லா உருண்டை நான்கு. எருமைப்பால் மொசரெல்லா வேண்டாம், நீர் அதிகம் விடும்.
- ஃபொன்டீனா சீஸ் 200 கிராம். அந்தப் பள்ளத்தாக்கின் சொந்தப் பாலாடைக்கட்டி, அருமையாக உருகும்.
- ஆலிவ் எண்ணெய், உப்பு

முந்தின நாள் மாலை

வாடகை வீடுகளில் தராசு இருக்காது. அதனால் இந்த அளவு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துப் போட்டது. மாவுப் பொட்டலத்தில் முக்கால் பங்கு, அதாவது 750 கிராமை அகலமான பாத்திரத்தில் கொட்டுங்கள். ஈஸ்ட் பொட்டலத்தில் கால் பங்கு போதும், அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல் வரும். ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றி, உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போகும் வரை கரண்டியால் கிளறுங்கள். குழாய்த் தண்ணீர் பனிக்கட்டிபோல இருக்கும், பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அறையில் வைத்த பிறகு ஊற்றுங்கள்.

இருபது நிமிடம் மூடி வையுங்கள். பிறகு தலைதட்டிய 3 தேக்கரண்டி உப்பும் 2 மேசைக்கரண்டி எண்ணெயும் சேர்த்துப் பிசையுங்கள். மாவு கையில் ஒட்டும், பயந்து மேலும் மாவு தூவாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்து இழுத்து நடுவில் மடியுங்கள். பாத்திரத்தைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் இப்படி மடிக்க வேண்டும். இருபது நிமிட இடைவெளியில் மூன்று முறை செய்தால், மாவு தானே வழவழப்பாகி இழுபடும். மேலே எண்ணெய் தடவி, காற்றுப் புகாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வெளியே பனி கொட்டுகிறதே என்று பால்கனியில் வைத்துவிடாதீர்கள். இரவில் உறைநிலைக்கு வெகு கீழே போகும், ஓரம் உறைந்து ஈஸ்ட் வேலையை நிறுத்திவிடும். பூட்ஸ் காயவைக்கும் ஹீட்டரின் பக்கமும் வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் புளித்துப் பொங்கும்.

சறுக்கிவிட்டு வந்ததும்

உடை மாற்றும் முன் மாவை வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டாகப் பிரித்து, ஓவனோடு வரும் தட்டு இரண்டில் தாராளமாக எண்ணெய் தடவி வைத்து மூடுங்கள். தட்டு ஒன்றுதான் என்றால் மறு பாதி பாத்திரத்திலேயே காத்திருக்கட்டும். குளிர்ந்த மாவை உடனே இழுத்தால் கிழியும், இல்லையேல் சுருங்கி நடுவுக்கே ஓடும். ஒன்றரை மணி நேரம் கழித்து, எண்ணெய் தொட்ட விரல்நுனிகளால் குத்திக் குத்தி மூலைக்குத் தள்ளுங்கள். அப்போதும் சுருங்கினால் பத்து நிமிடம் விட்டுவிட்டுத் தொடருங்கள்.

இந்த நேரத்தில் மொசரெல்லாவைப் பிய்த்துச் சல்லடையில் போட்டு வடிய விடுங்கள். இதைத் தவிர்த்தால் பீட்சாவின் நடுவில் குளம் கட்டும். தக்காளியைக் கையால் நசுக்கி அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டால் போதும், வேகவைக்கத் தேவையில்லை.

ஓவனை 250 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றுங்கள். ஓவன் ஓடும்போது மின்கெட்டிலையும் மின்அடுப்பையும் போடாதீர்கள். இத்தாலிய வீடுகளில் வழக்கமான மின் இணைப்பு 3 கிலோவாட்தான். அளவு மீறினால் மீட்டர் மின்சாரத்தைத் துண்டித்து வீடே இருட்டாகும்.

முதலில் தக்காளியை மட்டும் பரப்பி, ஓவனின் அடித்தட்டில் பத்து நிமிடம் சுடுங்கள். அடிப்பக்கம் மொறுமொறுப்பாவது இங்கேதான். பின்பு தட்டுக்கு இரண்டு உருண்டை மொசரெல்லாவும் 100 கிராம் ஃபொன்டீனாத் துண்டுகளும் தூவி, நடுத்தட்டுக்கு மாற்றி ஐந்தாறு நிமிடம். சீஸை ஆரம்பத்திலேயே போட்டால் மாவு வேகுமுன் அது காய்ந்து தோலாகிவிடும். மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாவதால் மாவின் உட்பகுதி வேக இரண்டொரு நிமிடம் கூடப் பிடிக்கும். கத்தியால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், அடி பழுப்பாகியிருந்தால் எடுத்துவிடலாம். ஸ்பெக் பன்றி இறைச்சி போடுவதானால் சுட்ட பிறகு மேலே பரப்புங்கள், ஓவனில் அது உப்புக் கரித்துப்போகும்.

பிசைய நேரமில்லாத நாளில் பீட்சா கடைக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள்: இத்தாலிய மொழியில் 'பெப்பெரோனி' என்றால் குடைமிளகாய். காரமான இறைச்சி வேண்டுமென்றால் 'தியாவோலா' என்று கேட்க வேண்டும்.

மீந்த துண்டுகளை மறுநாள் காலை எண்ணெயில்லாத வாணலியில் மூடி போட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். சீஸ் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டிரண்டாக அடுக்கி, தாளில் சுற்றி ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். முதுகுப்பையில் போட்டால் 3,480 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிளாட்டோ ரோசா சறுக்குத் தளத்துக்குப் போய்ச் சேருமுன் பல்லுக்கு அசையாத கட்டையாகிவிடும்.