உங்கள் ஊரில் உழவு மாறிய வரலாற்றை எழுதி வைப்பது எப்படி?

மதுரை வட்டாரத்தில் மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கமலையை ஓட்டிய பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். எந்தக் கருவி எப்போது வந்தது, யாருடைய பிழைப்பை அது மாற்றியது என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

முதலில், ஊருக்கு எந்த நீர் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 1895இல் தண்ணீர் திறக்கப்பட்ட பெரியாற்றுப் பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மானாவாரி நிலங்களின் வரலாறு முற்றிலும் வேறு.

பெரியவரைத் திண்ணையில் வைத்துக் கேட்பதைவிடக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று கேட்பதே நல்லது. மாடுகள் முன்னும் பின்னுமாக நடந்த சரிவையும் கயிறு உரசித் தேய்ந்த கல்லையும் கண்டதும், நீர் மொண்ட சாலின் அளவு முதல் எந்த வேளையில் இறைப்பைத் தொடங்கினார்கள் என்பது வரை ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். ஆண்டைக் கேட்காதீர்கள். "எம்.ஜி.ஆர். இறந்தப்ப இந்தக் கிணத்துல மோட்டார் ஓடுச்சா ஐயா? காமராசர் இறந்தப்ப?" என்று கேட்டால், 1975க்கு முன்னா, 1987க்குப் பின்னா என்பது பிடிபடும்.

விதையைப் பற்றியும் கேளுங்கள். 1966இல் வெளியான ஐ.ஆர்.8 நெல் குட்டை ரகம் என்பதால் உரம் இட்டாலும் சாயாமல் விளைச்சல் தந்தது. ஆனால் வைக்கோல் குறைந்தது. மாட்டுத் தீவனத்துக்கு அந்த வீட்டார் என்ன செய்தார்கள்?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி களத்துச் சுதந்திரம், அதாவது ஊர்த் தொழிலாளர்களுக்குக் களத்திலேயே அளந்து கொடுத்த நெல் பங்கு, பற்றியது என்பேன். நெல் அளக்கும்போது கலப்பை செய்த ஆசாரி, கொல்லர், சலவைத் தொழிலாளி, நீர் பாய்ச்சியவர் ஆகியோரில் யார் யார் பங்கு பெற்றார்கள், டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் யாருக்கு எப்போது அது நின்றது, அவர்களுடைய பிள்ளைகள் எந்த வேலைக்குப் போனார்கள் என்று விசாரியுங்கள். பங்கு நின்றதைச் சிலர் இழப்பு என்பார்கள், சிலர் விடுதலை என்பார்கள். இரண்டையும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். நிலம் வைத்திருந்தவர்களிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்களிடம் தனியே கேளுங்கள்.

கடைசியாக, கிடைக்கிற பழைய அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கோடு ஒப்பிடுங்கள். சர்வே எண்வாரியாகப் பயிரும் பாசன ஆதாரமும் அதில் இருக்கும். அதில் ஆண்டு, பசலி என்னும் வருவாய்த் துறை ஆண்டாக இருக்கும். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால், அந்தப் பசலி தொடங்கும் ஜூலை எந்த ஆண்டு என்பது தெரியும்; பசலி 1376 என்றால் 1966 ஜூலை முதல் 1967 ஜூன் வரை. சொன்னதும் பதிவும் முரண்பட்டால், இரண்டையும் குறித்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்காரரிடம் மறுபடி விசாரியுங்கள்.