ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ் அர்த்தம் எழுதுவதை நிறுத்துங்கள்

நோட்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம் என்று எழுதி மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருவன். அறுநூறு சொல்லாவது இருந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், லண்டனிலிருந்து வீடியோவில் பேசிய ஒருவரிடம் "ஐ ஹேவ் எ டவுட்" என்றேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. நான் கேட்க நினைத்தது ஒரு சின்னக் கேள்வி. அவர் எடுத்துக்கொண்டதோ, இவனுக்கு நம் திட்டத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்று. என் நோட்டில் டவுட் என்றால் சந்தேகம் என்று சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் நமக்கு, கணக்கு வாத்தியாரிடம் கையைத் தூக்கிக் கேட்பதும் சந்தேகம்தான், பக்கத்து வீட்டுக்காரர் மேல் வருவதும் சந்தேகம்தான். அவர்கள் ஊரில் முதலாவதற்குப் பெயர் க்வெஸ்டியன்.

இது ஒரு சொல்லோடு நிற்பதில்லை. வழி கேட்டேன் என்றால் ஆஸ்க், சத்தம் கேட்டது என்றால் ஹியர், பாட்டு கேட்கிறேன் என்றால் லிசன். தமிழில் மூன்றுக்கும் ஒரே 'கேள்'. கடனும் அப்படித்தான், வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட். துணியைப் பிழிந்தால் ரிங் (முன்னால் ஒரு டபிள்யூ இருக்கிறது, அது வாயே திறக்காது), எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் ஸ்க்வீஸ். அந்த நடுக்கோடு போட்ட நோட்டில் இந்த வித்தியாசம் எங்கேயும் தெரியாது.

அதனால் முதல் வேலை, அகராதியை மாற்றுவது. ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அது பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் தாய்மொழிக்குப் பிறகு ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்பவர்களுக்கென்றே தயாராகும் ஆங்கிலம்–ஆங்கில அகராதிகள் தனியாக இருக்கின்றன, 'லேர்னர்ஸ் டிக்ஷனரி' என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் இன்று கிடைப்பதே 1942-இல், ஹார்ன்பி என்பவர் ஜப்பானிய மாணவர்களுக்குப் பாடம் எடுத்த அனுபவத்தில் உருவாக்கி ஜப்பானில் முதலில் வெளிவந்ததுதான். 1978-இல் வந்த லாங்மன் அகராதி எல்லாச் சொற்களுக்கும் ஏறக்குறைய 2000 எளிய சொற்களை வைத்தே விளக்கம் சொன்னது. அதாவது விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி தேட வேண்டியதில்லை. 1987-இல் வந்த கோபில்ட் அகராதியில் விளக்கமே ஒரு முழு வாக்கியமாக இருக்கும், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவதுபோல. மூன்றையும் ஃபோனிலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

எப்படிப் பார்ப்பது? ரிலக்டன்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ் அர்த்தம் தேடினால் 'தயக்கமான' என்று வரும். ஹெசிடன்ட் என்று தேடினாலும் அதேதான் வரும். விளக்கத்தைப் படித்தால்தான் இரண்டும் பிரிகின்றன. ரிலக்டன்ட் என்றால் செய்ய மனமில்லை, வேண்டா வெறுப்பு. ஹெசிடன்ட் என்றால் செய்யலாமா கூடாதா என்று முடிவுக்கு வர முடியாத தயக்கம். மச்சானுக்கு மறுபடியும் பணம் கொடுக்க யோசிக்கிறோமே, அது முதல் வகை. புது ஊரில் எந்தப் பேருந்தில் ஏறுவது என்று நிற்கிறோமே, அது இரண்டாவது.

அடுத்து எடுத்துக்காட்டு வாக்கியம். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், ஆனால் உண்மையில் சரக்கு இங்கேதான் இருக்கிறது. அந்தச் சொல் யாரோடு சேர்ந்து நடக்கிறது என்று பாருங்கள். ரிலக்டன்ட்டுக்குப் பின்னால் 'டு' வருகிறது, அப்புறம் வினைச்சொல். டிஸ்கஸ் வந்தால் பின்னால் 'அபவுட்' வராது. நாம் 'அதைப் பற்றி' என்று யோசிப்பதால் தானாக ஒட்டிக்கொள்கிறது. மேரீட் என்றால் 'டு', 'வித்' அல்ல. அவாய்ட் என்றால் 'அவாய்ட் கோயிங்', 'அவாய்ட் டு கோ' அல்ல. இலக்கணப் புத்தகத்தில் இவற்றை விதியாகப் படித்தால் மறந்துபோகும், வாக்கியமாக மனதில் நின்றால் தப்பாகச் சொல்லும்போது காதுக்கே உறுத்தும்.

நோட்டில் எழுதும் முறை இதுதான். சொல், அதன் கீழே விளக்கத்தை உங்கள் வார்த்தையில் ஒரு வரி, அகராதியிலிருந்து ஒரு வாக்கியம், அதன் கீழே உங்களுடைய இரண்டு வாக்கியங்கள். அந்த இரண்டும் நிஜமாக இருக்க வேண்டும். "ராமு இஸ் எ குட் பாய்" மாதிரி யாரென்றே தெரியாத ராமுவைப் பற்றி எழுதாதீர்கள். "ஐ வாஸ் ரிலக்டன்ட் டு லெண்ட் மை பைக்" என்று, போன வாரம் வண்டியை இரவல் கொடுத்துவிட்டுக் காலி டேங்க்கோடு திரும்ப வாங்கிய வயிற்றெரிச்சலோடு எழுதினால் அந்தச் சொல் எங்கேயும் போகாது. கூடவே ஒலிபெருக்கிப் படத்தை அமுக்கி உச்சரிப்பையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், காம்ஃபர்டபிளில் 'டேபிள்' இல்லை.

சொற்களை எங்கிருந்து எடுப்பது என்றால், உங்கள் நாளிலிருந்தே. பட்டியல் எதுவும் வேண்டாம். சமையலறையில் நின்று வடிகட்டி, கரண்டி, தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஸ்ட்ரெய்னரும் லேடிலும் தெரியாமலேயே பட்டப்படிப்பு முடித்திருப்போம். அலுவலகக் குழுவில் யாராவது அனுப்பிய செய்தியில் புரியாமல் 'ஓகே சார்' போட்ட சொல்லையும் குறித்து வையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து போதும், வேலை அதிகமான நாளில் இரண்டு.

திரும்பப் பார்ப்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1970-களில் பரப்பிய முறை அது: சொற்களைச் சின்ன அட்டைகளில் எழுதி, அறைகளாகப் பிரித்த ஒரு பெட்டியில் போட்டு வைப்பது. அட்டையின் முன்பக்கம் உங்கள் வாக்கியம், சொல் இருக்கும் இடத்தில் கோடு, பின்பக்கம் சொல். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்கே திரும்பி வரும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்த்தால் சரி. பெட்டிக்கு நான் வைத்திருப்பது காலி இனிப்பு டப்பா. கல்யாண அழைப்பிதழின் வெற்றுப் பக்கத்தை வெட்டினால் அட்டையும் இலவசம்.