அரசுப் பள்ளிக்காகக் கூடும் பெற்றோர் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

நகரத்து அரசுப் பள்ளி ஒன்றுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நான்கு பெற்றோர் கூடினால், முதல் கூட்டத்திலேயே ஒருவர் “ஆளுக்குக் கொஞ்சம் போட்டு பெயின்ட் அடித்துவிடலாம்” என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். பெயின்ட் அடிப்பதில் குற்றமில்லை. ஆனால் வசூலில் தொடங்கும் குழு, வசூலோடு முடிந்துபோவதுதான் வழக்கம். சுவர் பளபளக்கும்; கணக்கு ஆசிரியர் இடம் காலியாகவே கிடக்கும்.

1997-இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி தன் ஆசிரியர் ஒருவரை இழக்க இருந்தது. பெற்றோர் 46,000 டாலர் திரட்டி, அந்தச் சம்பளத்தைத் தாங்களே தருவதாகச் சொன்னார்கள். நகரப் பள்ளிகளின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரூடி குரூ அதை ஏற்க மறுத்துவிட்டார். பெற்றோருக்குக் கோபம் வந்தது இயல்புதான். ஆனாலும் மறுப்பில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். வசதியுள்ள பகுதி தன் ஆசிரியரைத் தானே வைத்துக்கொள்ளும் என்றால், அடுத்த பகுதிப் பிள்ளைகளின் கதி என்ன? தவிர, பெற்றோர் ஒருமுறை சம்பளம் கொடுத்துவிட்டால், அந்த இடத்தை நிரப்ப வேண்டிய அவசரம் அரசுக்கு இல்லாமல் போய்விடும். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் இதற்கு நீண்ட காலம் ஒரு விதி இருந்தது: ஒரு பள்ளிக்காகத் திரட்டும் தொகையில் முதல் 10,000 டாலர் போக, மீதியில் மூன்றில் ஒரு பங்கு மற்றப் பள்ளிகளுக்கான பொது நிதிக்குப் போக வேண்டும். முழுத் தீர்வு இல்லை, ஆனால் பிரச்சினை இருக்கிறது என்பதையாவது ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

அதனால் உண்டியலைத் தூக்குவதற்கு முன் கணக்கைக் கேளுங்கள். பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எதற்கு, எவ்வளவு செலவானது? இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதையும் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதையும் பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலையாகவே வைத்திருக்கிறது. கேட்பது உரிமை, தயங்க ஒன்றுமில்லை.

அடுத்த தவறு இதைவிட ஆழமானது. கூட்டத்துக்கு வந்தவர்களையே “பெற்றோர்” என்று எண்ணிக்கொள்வது. வேலை நாளில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? நேரமும் பேச்சும் கைவசம் உள்ளவர்கள். நாள்கூலிக்குப் போகிறவர், இரவு வேலை முடித்துத் தூங்குகிறவர், வேறு மொழி பேசும் குடும்பம், வாடகை ஏறியதால் போன மாதம்தான் குடிமாறி வந்தவர்கள் எல்லாம் வெளியே நிற்பார்கள். அப்புறம் “அவர்களுக்கு அக்கறையில்லை” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அந்த வாக்கியம் வந்த நாளிலேயே குழு பாதி செத்துவிட்டது.

கல்வி உரிமைச் சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், பின்தங்கிய, நலிந்த பிரிவினருக்கு அவர்கள் விகிதத்தில் இடம். ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, வாய் திறந்து பேசுவது வேறு. எழுதி முடித்த தீர்மானத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினால் சட்டம் நிறைவேறியதாகக் காட்டலாம், அவ்வளவுதான். கூட்டத்துக்கு முன்பே பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பேசுங்கள், வீட்டுக்குப் போங்கள், “உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?” என்று கேளுங்கள். நீங்கள் ஆங்கில வகுப்பு என்று நினைத்திருப்பீர்கள். அவர்கள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்பார்கள், பள்ளி முன்னால் லாரி போகிற சாலை என்பார்கள். அந்தப் பட்டியலிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

சட்டம் அதிகாரம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தப்புக்கணக்குதான். சிகாகோவில் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மன்றம் வந்தது. அதில் ஆறு பெற்றோர், தலைமை ஆசிரியரை நான்காண்டு ஒப்பந்தத்தில் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வரை உண்டு. இருந்தும் பின்னாளில் பல பள்ளிகளில் மன்றத் தேர்தலில் போட்டியிட ஆள் கிடைப்பதே பாடாகிவிட்டது.

ஆசிரியர்களை எதிரியாக நிறுத்துவதால் ஒரு பயனும் இல்லை. தலைமை ஆசிரியரால் முடியாததை அவரிடமே கேட்டுச் சண்டை போடுவது அடிக்கடி நடக்கிறது. பணியிடம் நிரப்புவது ஓர் அலுவலகம், கட்டடம் இன்னொன்று, சாலை வேறொன்று. எது யார் கையில் என்று தெரிந்துகொண்டு, தேதி போட்டு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்த கழிப்பறையைப் படமெடுத்துப் பள்ளிப் பெயரோடு ஊரெல்லாம் பரப்புவது கடைசி வழி. அதைப் பார்த்துச் சேர்க்கை குறைந்தால், மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர்களை ஒதுக்கும் இடங்களில் ஆசிரியரும் குறைவார்.

போராட்டமே கூடாது என்று சொல்லவில்லை. 2015-இல் சிகாகோவில் டயட் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டதை எதிர்த்துப் பெற்றோரும் பகுதிவாசிகளுமாகப் பன்னிரண்டு பேர் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த ஆண்டு பள்ளி மீண்டும் திறந்தது. கேட்ட வடிவத்தில் அல்ல, கலைப் பள்ளியாக. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உண்ணாவிரதம்தான் தெரியும். அதற்கு முன் அவர்கள் பல ஆண்டு உழைத்து, பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று முழுத் திட்டமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது இல்லாமல் பந்தலில் உட்கார்ந்தால், பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடும்போது சொல்ல ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, பலரும் நினைக்க மறப்பது: பிள்ளைகள் பள்ளியை முடித்துப் போய்விடுவார்கள், அவர்களோடு பெற்றோரும். ஓடியாடி வேலை பார்த்தவரின் மகள் ஐந்தாம் வகுப்பை முடித்ததும் குழுவும் முடிந்துவிடுகிறது. கொடுத்த மனுக்களின் நகல் எங்கே என்றே தெரிவதில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் இருவரையாவது இப்போதே அலுவலகங்களுக்குக் கூட அழைத்துப் போங்கள். கணக்குப் புத்தகமும் மனுக் கோப்பும் யார் வீட்டிலும் இல்லாமல் பள்ளியிலேயே இருக்கட்டும்.