பாட்டு போட்டால் நின்றுவிடும் பையன்: எனக்குக் கைகொடுத்த வழி

அறிவுசார் குறைபாடுள்ள ஆறு குழந்தைகளுக்குத் தாள நடை வகுப்பு எடுக்கிறேன். அதில் ஒருவன் மட்டும், பாட்டு தொடங்கியதும் இரண்டு அடி வைத்து நின்றுவிடுவான். ஒலியைக் குறைத்தேன், பாட்டை மாற்றினேன், கையைப் பிடித்து நடத்தினேன். பிடித்தால் நடப்பான், விட்டால் நிற்பான். "ஒன்று, இரண்டு" என்று சத்தமாக எண்ணினால் என் வாயையே பார்ப்பான், கால் நகராது. மூன்று வாரம் இப்படியே போனது.

அப்புறம் ஒருநாள், அவன் தண்ணீர் குடிக்கப் போகும்போது அடிகளை எண்ணினேன். 15 விநாடியில் 31. அதாவது நிமிடத்துக்கு 124. என் பாட்டின் தாளமோ நிமிடத்துக்கு 90 தட்டு! சிறுவர்களின் இயல்பு வேகம் பெரியவர்களைவிடக் கூடுதல் என்று தெரிந்தும் அளந்து பார்க்காமல் விட்டது என் தவறு. உடலசைவு வழியாக இசையைக் கற்பிக்கும் டால்க்ரோஸ் முறையிலும் தொடக்கம் குழந்தையின் சொந்த நடைதான்.

பாட்டை நிறுத்திவிட்டு, வாயே திறக்காமல், அவன் பாதம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் கைமேளத்தைத் தட்டினேன். நான்காம் நாள் நடுவில் சட்டென்று நிறுத்தினேன். ஒரு குதிகால் தூக்கியபடியே நின்று, மேளத்தைத் திரும்பிப் பார்த்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அப்பாடா என்றிருந்தது.

அங்கிருந்து வாரம் நான்கைந்து தட்டாக வேகத்தைக் குறைத்தேன். இப்போது 104இல் மற்றவர்களோடு சேர்ந்து நடக்கிறான். பாட்டையும் அந்த வேகத்துக்கே மாற்றிவிட்டேன்.