ஒப்பரேஷன் முடிந்து வந்தவரை ஆடாமல் அசையாமல் கிடத்தாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் வயிற்று ஒப்பரேஷன் முடிந்து விடுதிக்கு வந்தவரிடம் சொந்தக்காரர் சொல்லும் முதல் புத்திமதி, "அசையாமல் படுங்கோ, தையல் விட்டுப்போகும்" என்பதுதான். பாசத்தில் சொல்வது. ஆனால் நுரையீரலுக்கு அது கூடாது.

முழு மயக்கம் கொடுத்துச் சில நிமிடங்களிலேயே நுரையீரலின் முதுகுப்பக்கம் கொஞ்சம் சுருங்கத் தொடங்கும். பத்துப் பேரில் ஒன்பது பேர் வரைக்கும் இது நடப்பதை ஸ்கான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பிறகு நடப்பதுதான் சிக்கல். காயம் நோகும் என்று மேலோட்டமாக மூச்சு விடுவார்கள், இருமலை அடக்குவார்கள், மல்லாந்தே கிடப்பார்கள். சளி தேங்கி மூச்சுக்குழாயை அடைத்தால், அதற்கு அப்பால் உள்ள காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். நியுமோனியாவுக்கும் அது வழிவிடும்.

நோவைப் பொறுத்துக்கொள்வது வீரமில்லை. நோ மருந்து வேண்டாம் என்பவர் ஒழுங்காக இருமவும் மாட்டார். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் ஒரு தலையணையைக் காயத்தின் மேல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மூக்கால் ஆழமாக இழுத்து, இரண்டு மூன்று செக்கன் வைத்திருந்து, மெதுவாக விடவேண்டும். இப்படிச் சில தடவை செய்து, அப்புறம் இருமலாம். தையல் அதைத் தாங்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். டொக்டர் சம்மதித்தால் மறுநாளே நடக்க விடுங்கள்.

இதையெல்லாம் ஒப்பரேஷனுக்குப் பிறகு பழகலாம் என்று விடுவதும் பிழை. அரைமயக்கத்தில் நோவோடு கிடப்பவர் என்னத்தைப் பழகுவார்? அவுஸ்திரேலியா, நியூசிலாந்தில் மேல்வயிற்று ஒப்பரேஷனுக்குக் காத்திருந்த 441 பேரிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினருக்கு முன்கூட்டியே ஒரேயொரு தடவை, 30 நிமிடம், பிசியோதெரபிஸ்ட் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கைநூல் மட்டும் பெற்றவர்களில் 27 வீதத்தினருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது; பயிற்சியும் பெற்றவர்களில் 12 வீதம்தான். கிளினிக்கில் திகதி தரும்போதே பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

மூச்சுப் பயிற்சிக்கான, மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவியைப் பார்மசியில் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மேல்வயிற்று ஒப்பரேஷனில் அது சிக்கலைக் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2014இல் வந்த கொக்ரேன் மீளாய்வால் காட்ட முடியவில்லை. போதாததற்குப் பலர் அதற்குள் ஊதுகிறார்கள். உறிஞ்ச வேண்டும்!

புகையை ஒப்பரேஷன் நெருங்கும்போது விட்டால் சளி கூடும், ஆகவே முடிந்தபின் விடலாம் என்ற கதைக்கும் ஆதாரமில்லை. நாலு கிழமைக்கு முன்னரே விட்டால் நல்லது, பிந்திவிட்டாலும் விடுங்கள். "நான் பிடிப்பது சுருட்டு, சிகரெட் இல்லைத்தானே" என்னும் அப்புமாருக்கும் இது பொருந்தும்.

நுரையீரல் சிக்கலைக் கண்டுபிடிப்பதிலும் பிழைகள் உண்டு. முதல் நாள் காய்ச்சலை, நுரையீரல் சுருங்கியதால் வந்தது என்று ஒதுக்குவது பழைய வழக்கம். 2011 மீளாய்வொன்று அந்தத் தொடர்புக்கு ஆதாரம் காணவில்லை. ஒட்சிசன் மாஸ்க் போட்டிருப்பவரின் விரலில் மாட்டி இரத்த ஒட்சிசன் அளவைப் பார்க்கும் கருவி 98 வீதம் காட்டினால் நிம்மதியடைவது இன்னொன்று. கூடுதலாகக் கொடுக்கும் ஒட்சிசன், நுரையீரலின் குறையை மறைத்துவிடும். மூச்சு வேகமாகிறதா, பேச இடையிடையே நிறுத்துகிறாரா என்று பாருங்கள். எக்ஸ்ரேயில் சிறிய சுருக்கம் தப்பிவிடும். கட்டிலருகே செய்யும் அல்ட்ராசவுண்ட் அதைவிட நன்றாகப் பிடிக்கும், பழகிய கை இருந்தால்.

ஒப்பரேஷன் நேரத்தில் மூச்சு விடவைக்கும் இயந்திரமான வென்டிலேட்டரில் காற்றின் அமுக்கத்தைக் கூட்டினால் எல்லாம் விரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் அடிவாங்கியிருக்கிறது. 900 பேரில் செய்து 2014இல் வெளியான ஆய்வில் கூடிய அமுக்கத்தால் சிக்கல் குறையவில்லை. இரத்த அழுத்தம் விழுந்ததுதான் அதிகம்.

நெஞ்சறைக்குள் காற்றுப் புகுந்து நுரையீரல் அமுங்குவது வேறு விஷயம். திடீரென ஒரு பக்கம் குத்தி மூச்சு முட்டினால், பயிற்சி செய்யச் சொல்லி நேரத்தைக் கடத்தாமல் உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.