நெட்பால் கேப்டனை உருவாக்குவது எப்படி: நெல்லைச் சீமைப் பள்ளிகளுக்கு

நெட்பால் கூடைப்பந்தைப் போன்ற ஆட்டம்தான், ஆனால் இதில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்த 3 நொடிக்குள் பந்து கையைவிட்டுப் போயாக வேண்டும். அதனால் கேப்டன் யோசிப்பதெல்லாம் பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில்தான். பயிற்சியை இதை வைத்தே அமையுங்கள்.

உயரமான பிள்ளையை ஜி.எஸ். (கோல் ஷூட்டர், கோல் போடுகிறவள்) ஆக்கி, கேப்டன் பொறுப்பையும் அவளுக்கே கொடுத்துவிட வேண்டாம். மைதானத்தின் மூன்று பகுதிகளில் கோல் போடும் பகுதியை விட்டு ஜி.எஸ். வெளியே வர முடியாது. பின்னால் தடுப்பாட்டம் குலைந்தால் அவளால் போய்ச் சரிசெய்ய வழியில்லை. சென்டர் (நடு ஆட்டக்காரி), இரண்டு கோல் வட்டங்களை, அதாவது கம்பத்தின் முன்னுள்ள அரைவட்டங்களை, தவிர எங்கும் போகலாம். ஜி.டி.க்கு (கோல் டிஃபென்ஸ், தடுப்பாட்டக்காரி) நடுப்பகுதியும் வட்டத்தோடு சேர்ந்த தன் கோல் பக்கப் பகுதியும் உண்டு, ஆட்டம் முழுக்க அவள் கண்முன்னே நடக்கும். இந்த இரண்டில் ஒரு இடத்திலிருந்து கேப்டனை எடுப்பதே நல்லது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2 மீட்டருக்கும் மேல் உயரம். 2018-இல் இலங்கை ஆசியப் பட்டம் வென்றபோது கோல் போடும் பொறுப்பு அவரிடம் இருந்தது, அணித்தலைவியோ சதுரங்கி ஜயசூரிய.

பிள்ளைகளைக் கூடைப்பந்து ஆடுகிறவர்களிடையே தேடுங்கள். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் இந்திய அணியை நடத்திய பிராச்சி தெஹ்லான் அங்கிருந்து வந்தவர்தான். ஆனால் கூடைப்பந்துப் பழக்கம் காலில் தெரியும். பந்தைப் பிடித்து முதலில் ஊன்றிய காலைத் தூக்கலாம். பந்தை விடும்முன் அதை மறுபடி தரையில் வைத்தால் விசில்தான்.

கம்பத்தில் போர்டு கிடையாது. உயரம் 3.05 மீட்டர், வளையத்தின் உள்விட்டம் 380 மி.மீ., கம்பத்திலிருந்து 15 செ.மீ. முன்தள்ளி நிற்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் 15 மி.மீ. கம்பியை 124 செ.மீ. நீளத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். உள்விட்டக் கணக்கை மட்டும் பார்த்து 119 செ.மீ. வெட்டினால் வளையம் ஏறக்குறைய 15 மி.மீ. சுருங்கிப்போகும். பிள்ளைகள் சரியாக எறிந்தாலும் பந்து விளிம்பில் பட்டுத் தெறிக்கும்.

இனி கேப்டனுக்கான முக்கியப் பயிற்சி. நாலு பேரை 5 மீட்டர் சதுரத்தின் மூலைகளில் நிறுத்தி, நடுவில் கேப்டனை விடுங்கள். பந்து காற்றில் இருக்கும்போதே, அதைப் பிடிக்கப் போகிறவள் அடுத்து யாருக்குப் போட வேண்டும் என்று கேப்டன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிடித்தபிறகு கூப்பிட்டால் ஒரு நொடி போய்விடும். பிடித்தவள் தடுமாறிக் காலை இழுப்பாள். பெரும்பாலான கால் தப்பு இப்படித்தான் வருகிறது, காலைத் திட்டிப் பயனில்லை. தவறாமல் வந்ததும் 3 நொடியை 2 ஆகக் குறையுங்கள். பிறகு தடுக்க இரண்டு பேரைச் சேருங்கள். பந்து வைத்திருப்பவளின் ஊன்றிய காலிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி நின்றே அவர்கள் கையை உயர்த்தலாம்.

இடித்துத் தண்டனை வாங்கியவள், எதிரணி பந்தை விடும்வரை ஓரமாக நிற்க வேண்டும். அந்த நேரம் ஏழு பேர் அணியில் ஆறு பேர்தான். அவள் இடத்தை யார் பார்ப்பது என்று கேப்டன் உடனே குரல் கொடுக்கப் பழக வேண்டும். நடுவரிடம் விதியைப் பற்றிக் கேட்பதானால் இடைவேளையிலோ ஆட்டம் முடிந்தபிறகோ கேட்கலாம், நடுவில் வாதாடக் கூடாது.

டாஸுக்கு வருவோம். ஜெயித்தவர் முதல் சென்டர் பாஸையோ (ஆட்டம் தொடங்கும்போதும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவிலிருந்து எறிவது) கோல் பக்கத்தையோ கேட்கலாம். சென்டர் பாஸ் மாறி மாறித்தான் வரும் என்பதால் ஆடி மாதம் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்றில் பக்கத்தைக் கேட்பதே நல்லது. 15 நிமிடப் பகுதி நாலு; ஒவ்வொரு பகுதிக்கும் பக்கம் மாறும். மைதானம் கிழக்கு மேற்காக இருந்தால் முதல் பகுதியில் காற்றை எதிர்த்து எறியட்டும். கடைசிப் பகுதியில் காற்று முதுகுப் பக்கம் இருக்கும். தெற்கு வடக்காக இருந்தால் காற்று குறுக்கே அடிக்கும், யாருக்கும் லாபமில்லை. அப்போது முதல் சென்டர் பாஸைக் கேட்டுவிட்டு, ஷூட்டர்களை வளையத்துக்கு 2 மீட்டருக்குள் நெருங்கி எறியச் சொல்லட்டும்.

வெளிநாட்டுப் போட்டிக்கு வாய்ப்பு வந்தால் தடைபடாமல் இருக்க, மாநில அணித் தேர்வுக்குப் போகும் வயதிலேயே பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். இங்கே தடையாக வருவது இனிஷியல். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயராக எழுத வேண்டியிருக்கும். சான்றிதழில் திருத்தம் வேண்டுமானால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பே பள்ளியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.